நூற்றில் ஒரு மதிப்பெண்: ஸ்கிம் அட்டவணையும் ஒரு பீடி பாஸ் புக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன். அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தக விமர்சனம் மாதிரி இது ஒரு படிவ விமர்சனம், அவ்வளவுதான். படிவத்தின் பெயர் ஸ்கிம். தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் எவ்வளவு தூரம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார்கள் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் அட்டவணை.

எனக்கு இதில் என்ன வேலை? சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிற என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, மாமரத்திலிருந்து விழுந்தார். மார்புப் பகுதியில் பத்தாவது முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் போய்விட்டது. கை இரண்டும் நன்றாக இருக்கிறது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அறுவைச் சிகிச்சை, பிறகு மறுவாழ்வுப் பிரிவில் சில மாதங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த ஃபைலில் ஒரு தாள். சேர்ந்தபோது 20, போகும்போது 53. "நல்ல முன்னேற்றம்" என்று கீழே எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் மதினி என்னிடம் கேட்டாங்க: "தம்பி, அம்பத்தி மூணுன்னா பாஸ்தானே? பின்ன ஏன் எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு வகை அளவுகோல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபைலில் "ஆசியா ஏ" என்று இன்னொரு குறிப்பும் இருந்தது. எங்க வீட்டில் அதை ஆசியாக் கண்டம் என்றே நினைத்தோம். அமெரிக்க முதுகுத்தண்டுக் காயச் சங்கம் 1982-ல் முதலில் வெளியிட்ட தரநிலையின் சுருக்கப் பெயர் அது. அதற்கு முன்னோடி, இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஃபிராங்கல் 1969-ல் கொடுத்த ஏ முதல் இ வரையான வரிசை. இன்றைய முறையில் பக்கத்துக்குப் பத்து தசைகளுக்குத் தலா 0 முதல் 5 வரை போடுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 100. தோலில் குண்டூசியாலும் பஞ்சாலும் தொட்டுப் பார்த்து உணர்வுக்குத் தனியாக எண்கள். கடைசியாக ஒரு எழுத்து. "ஏ" என்றால் தண்டுவடத்தின் அடிக்கோடியில், அதாவது ஆசனவாய்ப் பகுதியில், உணர்வோ அசைவோ எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள்.

இது காயத்தை அளக்கிறது. அண்ணனுக்கு அன்றும் ஏ, இன்றும் ஏ. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் முன்னேற்றம் சுழியம். ஆனால் அன்றைக்கு ஒருக்களித்துப் படுக்கவே ஆள் வேண்டியிருந்தது. இன்றைக்கு அவரே சட்டை மாற்றி, சக்கர நாற்காலியில் ஏறி, தார்சாவில் வந்து உட்காருகிறார். இந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் இரண்டாவது வகை அளவுகோல் வேண்டும். காயம் எவ்வளவு என்பதல்ல, ஆள் என்ன செய்கிறார் என்பது.

அமெரிக்காவில் 1980-களில் வந்த ஃபிம் இந்த வகைதான். 18 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. ஆகக் குறைந்தது 18, அதிகபட்சம் 126. ஆனால் அது பக்கவாதம் முதல் எலும்பு முறிவு வரை எல்லோருக்கும் பொதுவானது. பதினெட்டில் ஐந்து வரிகள் பேச்சு, புரிதல், ஞாபகம் சம்பந்தப்பட்டவை. தலையில் அடிபடாமல் தண்டுவடத்தில் மட்டும் அடிபட்டவர் அதில் சும்மாவே 35 வாங்கிவிடுவார். பிறகு எண் எப்படி நகரும்?

இந்தக் குறைக்குப் பதிலாகத்தான் இஸ்ரேலில் ரானானா ஊரிலுள்ள லோவன்ஸ்டைன் மருத்துவமனையில் அமிராம் காட்ஸும் சகாக்களும் 1997-ல் ஸ்கிம்மைக் கொண்டுவந்தார்கள். இப்போது புழங்குவது மூன்றாவது பதிப்பு. பல நாட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். உண்பது, குளிப்பது, உடுத்துவது, தலை சீவுவது எல்லாம் சேர்த்து 20. மூச்சு, சிறுநீர், மலம், கழிப்பறை சேர்த்து 40. நகர்வது, இடம் மாறுவது சேர்த்து 40.

எங்களைவிட அந்தத் தாளுக்கு விவரம் தெரிந்த இடம்

குறை சொல்வதற்கு முன் ஒரு நியாயம். எங்கள் குடும்பம் ஆரம்பத்திலிருந்து கேட்டது ஒரே கேள்விதான்: "எப்ப நடப்பான்?" பெரியம்மா சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டதும் அதற்குத்தான். வந்து பார்த்துவிட்டுப் போன அத்தனை பேரும் காலைத்தான் பார்த்தார்கள்.

ஸ்கிம் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள், சுமாரான தூரம், வெளியே என்று மூன்று வரிகளில் நடைக்கு அது தருவது மொத்தம் 24. சிறுநீருக்கு 15, மலத்துக்கு 10, கழிப்பறைக்கு 5, ஆக 30. இதை முதலில் பார்த்தபோது ஏதோ தப்பாக அச்சடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆறு மாதம் அந்த வீட்டைப் பார்த்த பிறகு புரிந்தது, இந்த எடை போட்டவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

நிரந்தரமாக டியூப் போட்டிருந்தால் சிறுநீர் வரியில் 0. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னொருவர் டியூப் விட்டு எடுத்தால் 3. அதையே அவர் தன் கையால் செய்து, இடையில் ஒழுகாமலும் இருந்தால் 11. சுத்தமான கையோடு வீட்டிலேயே இப்படி விட்டு விட்டு டியூப் போடலாம், அதுதான் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று மிச்சிகனில் லாபிடெஸ் என்ற டாக்டர் 1972-ல் எழுதினார். அதற்குப் பிறகு பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். அண்ணன் வீட்டுக்கு வரும்போது அவர் வரியில் 3. போட்டுவிட்டது மதினி. ராத்திரியும் சேர்த்து. மதினி கேட்ட தூக்கக் கேள்விக்குப் பதில் அந்த 3-ல்தான் இருந்தது. மொத்தம் 53 என்று பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை.

முதல் குறை: நாற்காலிக்கு ஒரு கூரை

இனி விமர்சனம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே முழுக்கச் செயலிழந்த ஒருவர், யார் உதவியும் இல்லாமல், சக்கர நாற்காலியில் எல்லாக் காரியத்தையும் தானே பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் பராமரிப்பில் 20-க்கு 20, மூச்சு 10, சிறுநீர் 11, மலம் 10, கைப்பிடி வைத்த கழிப்பறை 4. படுக்கையில் புரள்வது 6, கட்டில், கழிப்பறை, கார் மாறுவதற்கு 2, 2, 2, தரைக்கு 1. நடை வரிகளில் கை நாற்காலியைத் தானே ஓட்டினால் எட்டுக்கு 2-தான்; மூன்றும் சேர்ந்து 6. படிக்கட்டுக்கு 0. கூட்டினால் 74.

இந்த 26 அவர் என்ன செய்தாலும் வராது. இது குறை என்று சொன்னால் "சுதந்திரமாக நடப்பதும் ஒரு திறன்தானே" என்பார்கள். சரிதான். ஆனால் நூற்றுக்கு நூறு என்று எழுதிய தாளை வாசிக்கிறவன் நம்ம ஊர்க்காரன். அவனுக்கு 74 என்றால் 26 போச்சு.

வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது. நம்ம பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. அனுமன் நதிக் கரை ஊர். அந்தத் தண்ணீர் சிற்றாறு வழியாகத் தாமிரபரணிக்குத்தான் வருகிறது. அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல், கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020-ல் பத்மஸ்ரீ.

இவர்கள் செய்ததற்கு ஸ்கிம்மில் வரி கிடையாது. அது தப்பில்லை, வேலை, படிப்பு, ஊர்க்காரியம் எல்லாம் வேறு தாளில் அளக்க வேண்டியவை. உலக சுகாதார நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த வகைப்பாட்டிலேயே உடல், செயல், சமூகப் பங்கேற்பு என்று தனித்தனியாகத்தான் பேசுகிறார்கள். சிக்கல் எங்கே என்றால், டிஸ்சார்ஜ் ஃபைலில் இந்த ஒரு தாள்தான் வருகிறது.

இரண்டாவது குறை: முடியும் என்பதும் செய்வது என்பதும்

படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு வரி உண்டு. மேல் உடம்பைப் புரட்டுவது, கீழ் உடம்பைப் புரட்டுவது, எழுந்து உட்காருவது, நாற்காலியில் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது. நான்கையும் தானே செய்தால் 6. அண்ணனுக்கு டிஸ்சார்ஜின்போதே 6.

வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம் புட்டத்தில் புண். அவருக்கு உடம்பைத் தூக்கத் தெரியும். கை பலமும் உண்டு. ஆனால் டி.வி.யில் கிரிக்கெட் ஓடும்போது கால் மணிக்கு ஒருதரம் தூக்குகிறாரா என்பதை எந்த வரியும் கேட்கவில்லை. மறுபரிசோதனைக்குப் போன அன்று தாளில் மறுபடி 53. புண்ணை நோட்டில் தனியாக எழுதி மருந்து கொடுத்தார்கள், அது வேறு. முன்னேற்றத் தாளைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் தொழிலில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சோதனைச் சூழலில் எல்லா டெஸ்ட்டும் பச்சை. வாடிக்கையாளர் இடத்தில் போட்டதும் படுத்துவிடும். டெஸ்ட் பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னது.

பாஸ் புக்

மதினி பீடி சுற்றுபவர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பீடிக் கடையில் சரக்கைக் கொடுக்கும்போது அன்றைய எண்ணிக்கையைப் பாஸ் புக்கில் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு நாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இதுவும் தேதி போட்ட அளவீடுதான். யாரும் மறுவாழ்வை அளக்க எழுதவில்லை, அதனால் யாரும் அதைச் சரிக்கட்டவும் இல்லை.

லேப்டாப்பில் ஏற்றி வரைந்தேன். விழுவதற்கு முன் நாளுக்குச் சராசரி 700. ஆஸ்பத்திரி மாதங்களில் வெறுமை. வீட்டுக்கு வந்ததும் 150. புண் வந்த இரண்டு மாதம் 100-க்கும் கீழே. அண்ணன் கூச்சத்தை விட்டுத் தானே டியூப் போடப் பழகிய பிறகு 350. அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில் 500. அங்கேயே நிற்கிறது, 700 திரும்ப வரவில்லை.

இலை மோசமாக வந்தாலும் எண்ணிக்கை குறையும், கோயில் கொடை வாரத்திலும் குறையும், மதினிக்கு முதுகுவலி வந்தாலும் குறையும். ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு புத்தகம். இதிலிருந்து பொது விதி எதுவும் வராது. ஆனால் ஸ்கிம் 53-ல் அசையாமல் நின்ற மாதங்களில் இந்தக் கோடு கீழே போனது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பெருமையாக அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நான் உன் மதினிக்கு எவ்வளவு இடைஞ்சல்ங்கறதத்தானலே அளந்திருக்க?" என்றார்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அவர் சொன்னது சரி. ஒரு மனிதனின் முன்னேற்றத்தை இன்னொருவர் சுற்றிய பீடியில் எழுதினால், அவர் குறைய வேண்டிய ஒரு செலவாக ஆகிவிடுகிறார். ஆஸ்பத்திரித் தாளைக் குறை சொல்லப் போன நான் அதைவிட மோசமான ஒன்றைச் செய்திருந்தேன். "சரிண்ணே, நீங்க எத அளப்பீங்க?" என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "தரையில விழுந்தா நானே ஏறணும்."

மூன்றாவது குறை: தரை

ஸ்கிம்மின் கடைசி வரி தரையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது. உதவி வேண்டுமென்றால் 0, வேண்டாமென்றால் 1. நூற்றில் ஒன்று. அதற்கு மேல் வரி, நாற்காலியிலிருந்து காருக்கு மாறுவது. அதற்கு 2.

எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் கார் இருக்கிறது என்று நான் எண்ணவில்லை. தரை எல்லா வீட்டிலும் இருக்கிறது. பாய் விரிப்பது தரையில், பிள்ளைகள் படிப்பது தரையில், பீடி சுற்றுவது தரையில், துஷ்டி வீட்டில் உட்காருவது தரையில். ஆற்றில் குளிக்க வேண்டுமென்றால் படித்துறைக் கல்லில் உட்கார வேண்டும். பட்டாசலிலிருந்து புறவாசலுக்குப் போக ஒரு நிலைப்படி, கழிப்பறைக்கு இன்னொன்று. நாற்காலி கவிழ்வதும் அங்கேதான்.

அண்ணன் ஒருமுறை அப்படி விழுந்தார். மதினி பீடிக் கடைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வரும்வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல், தரையில் கிடந்தார். பெரிய காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து மதினி அவரைத் தனியாக விட்டு எங்கும் போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை.

பிறகு தரையிலிருந்து ஏறப் பழகினார். முதலில் தடிப்பான ஒரு பலகை, அப்புறம் முக்காலி, அப்புறம் நாற்காலி என்று மூன்று படியாக. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த முறைதான். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கூடவே நிலைப்படிக்குச் சிமென்ட் சரிவும், கழிப்பறையில் கைப்பிடியும் போட்டோம். அதன் பிறகுதான் பாஸ் புக் கோடு 500-க்கு ஏறியது. அவர் கேட்டதும் மதினிக்கு வேண்டியதும் ஒரே வரியில் இருந்திருக்கிறது: அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகலாம். ஸ்கிம் அந்த இரண்டு மாத உழைப்புக்குக் கொடுத்தது 1.

கடைசியாகப் போட்டபோது மொத்தம் 65. சிறுநீரில் எட்டு, கழிப்பறை வரியில் இரண்டு, கழிப்பறைக்கு மாறுவதில் ஒன்று, தரையில் ஒன்று.

அப்படியென்றால் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட, ஒரு சிகிச்சை முறை பலன் தருகிறதா என்று பார்க்க, எல்லோரும் ஒரே தாளைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும். அதற்குக் கூட்டுத்தொகை வேண்டும். என் வாதம் சின்னது. ஒரு வீட்டுக்குக் கூட்டுத்தொகை எதுவும் சொல்வதில்லை. சிறுநீர் வரியில் 3-லிருந்து 11-க்குப் போனதும், வேறு நாலு வரியில் இரண்டிரண்டாக ஏறியதும் கூட்டலில் ஒன்றுதான், வாழ்க்கையில் ஒன்றல்ல. வரி வரியாகக் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே "வீட்டில் இதை யார் செய்வார்கள்?" என்று ஒரு காலி இடம் விடுங்கள். 53-க்குப் பதில் "சிறுநீர் 3, ராத்திரியும் மனைவி" என்று எழுதியிருந்தால், மதினி என்னிடம் கேள்வி கேட்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, எப்போது அளப்பது. டிஸ்சார்ஜ் நாள் என்பது ஆஸ்பத்திரிக்கு முடிவு, வீட்டுக்கு ஆரம்பம். வேலூரில் பழைய நோயாளிகளை வருஷா வருஷம் திரும்பக் கூப்பிட்டு மறுவாழ்வு மேளா நடத்துகிறார்கள். அதைத் திருவிழாவாக மட்டும் பார்க்கக் கூடாது. அங்கே தெரிகிற விஷயம் டிஸ்சார்ஜ் தாளில் தெரியாது.

இப்போது அண்ணன் வீட்டுச் சுவரில் நாலு வரி எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வரிகளை அவர்தான் சொன்னார். இந்த வாரம் தோல் பார்த்தாச்சா (கண்ணாடி வைத்து, தினமும்). தரையிலிருந்து ஏறியது எத்தனை தரம். தனியாக இருந்தது எத்தனை மணி நேரம். வாசலைத் தாண்டிப் போனது எத்தனை நாள். கூட்டுத்தொகை கிடையாது. பாஸ் புக் படத்தை நான் லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டேன், சுவரில் ஒட்டவில்லை.

நாலாவது வரியில் இதுவரை வந்திருப்பது பெரும்பாலும் சுழியம்தான். தெரு முக்கு வரை சிமென்ட், அதற்கப்புறம் சரளை. படித்துறைக்கு இறங்க இருபது படி. அந்த வரிக்கு அண்ணன் பழகி ஒன்றும் ஆகப்போவதில்லை. பஞ்சாயத்துதான் பழக வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறவர்களோ, அவர்கள் வீட்டிலிருப்பவர்களோ இதைப் படித்தால் ஒரு கேள்வி: உங்கள் சுவரில் என்ன நாலு வரி எழுதுவீர்கள்? எழுதி அனுப்புங்கள். அண்ணனிடம் வாசித்துக் காட்டுகிறேன்.